ஐம்பத்து நாலு நாள் தரை

விசைப்படகுகளைக் கட்டிப்போட்ட மறுநாள்
ஐஸ் கம்பெனி மோட்டாரை நிறுத்தினார்கள்.
காசிமேட்டுக்கே காது அடைத்த மாதிரி இருந்தது.
எனக்குப் பாதிச் சம்பளம்,
பில் புக்கில் வெறும் தாள்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோடிங் தளம்.
வருஷக்கணக்காய் ஐஸ் பார் இழுத்து இழுத்து
வழவழத்துப்போன சிமெண்ட்.
கழுவிவிட்டால் டியூப்லைட் அதில் நீளமாய்ப் படுத்திருக்கும்.

பர்மா பஜாரில் பேரம் பேசிய நாலு சக்கர ஷூ
ஒரு சைஸ் பெரிசு.
நுனியில் பழைய சாக்ஸ் அடைத்துக்கொண்டேன்.
முன்னால் போக ஒரு வாரம்,
பின்னால் போக இன்னும் ரெண்டு.
அப்புறம்தான் போனில் அவளைப் பார்த்தேன்.
எந்த ஊர்க்காரியோ, பேர் தெரியாது.
குதிகாலும் குதிகாலும் முகம் பார்க்க
விரல்கள் ஆளுக்கொரு திசை காட்ட
கையை விரித்துக்கொண்டு
உந்தாமல் மிதிக்காமல்
பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தாள்.
ஸ்பிரெட் ஈகிள் என்று போட்டிருந்தது.

என் இடது கால் எண்ணூர் போகிறேன் என்றது.
வலது கால் பாரிஸ் முனைக்கு.
நடுவில் நான்,
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டின ஷேர் ஆட்டோ.

'நண்டுக்கா' என்று பேர் வைத்தான் டார்வின்.
ஒன்பது வயசு, பம்ப் ரூம் மேல் ஏறி உட்கார்ந்து
என் ஒவ்வொரு விழுதலுக்கும் நம்பர் போடுவான்.
கோபம் வரவில்லை.
நண்டுக்கு அதுதானே நேர்.

தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் விட்டு
சுவரில் இடுப்பைப் பதித்துக் குதிகாலை ஒட்டி நின்றேன்.
பாதத்தை மட்டும் திருகி ஏமாற்றியதில்
முட்டி ரெண்டும் வீங்கிப்போயின.
திறக்கவேண்டியது இடுப்பு என்று
நீலகிரித் தைலம் தேய்த்த ராத்திரி புரிந்தது.

ஜெனோவாவுக்கும் வியாபாரம் இல்லை.
மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
படம் பிடித்தாள்.
மெதுவாய் ஓட்டிக் காட்டினாள்.
"பாரு, டிக்கி மட்டும் தனியா பின்னாடி வருது."
பார்த்தேன். வந்தது.
இன்னொன்றையும் பார்த்தேன்:
முழுப் படத்திலும் என் தலை குனிந்தே இருக்கிறது,
காலை நான் நம்பாதது காலுக்குத் தெரிகிறது.

ஐஸ் பாரை ஒரு தடவை கொக்கி போட்டு இழுப்பார்கள்.
அப்புறம் கொக்கியை எடுத்துவிடுவார்கள்.
எடுத்த பிறகுதான் அது வழுக்கும்.
தினம் கண்ணாடி வழியே பார்த்ததுதான்,
எத்தனை பார் என்று எண்ணியிருக்கிறேன்,
வழுக்கியதைப் பார்த்ததில்லை.

நாற்பத்தேழாம் நாள்,
கும்மிடிப்பூண்டி வண்டி தூரத்தில் ஊதிக்கொண்டு போன நேரம்
எடைமேடைக்குப் பக்கத்தில் உந்தினேன்.
பின்காலை இறக்கினேன்.
கதவு மேல் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.
பெருவிரல் பக்கம் பாரம் தானாய்ச் சாய்ந்தது.
சத்தமே இல்லை.
தளம் என் வயிற்றுக்கு முன்னால் மெதுவாய்த் திரும்பியது.
எடைமேடையிலிருந்து குழாயடி வரை
ஒரு முழு வளைவு,
அரைத் தேங்காய் மூடி மாதிரி.

ஜெனோவா போனை எடுக்க மறந்திருந்தாள்.
டார்வின் நம்பர் போடவில்லை.
"இன்னொருக்கா" என்றான்.
இன்னொருக்கா வரவில்லை. மறுநாள் வந்தது.

இனி சுண்டுவிரல் பக்கம்.
வட்டத்தின் நடுவுக்கு முதுகைக் காட்டி
இல்லாத நாற்காலியில் சாய்வதுபோல் சாயவேண்டும்.
ஏழு நாள் சாய்ந்தேன்.
ஏழு நாளும் நாற்காலி இல்லை.

தடை அறுபத்தொரு நாள் என்பது படகுக்கு.
கடலுக்குப் போகும் முன்னாலேயே ஐஸ் வேண்டுமே,
ஒரு வாரம் முந்தியே மோட்டார் உறுமியது.
தளம் நனைந்தது. கொக்கிகள் வந்தன.
ஷூ பில் புக் அலமாரியில், கார்பன் பேப்பருக்குக் கீழே.

கவுண்ட்டரில் நின்று எழுதிக்கொண்டிருக்கிறேன்:
அறுபது பார், டீசல் தனி.
படகுக்காரர் எட்டிக் கீழே பார்க்கிறார்.
"இன்னாம்மா, காலு சுளுக்கா?
ரெண்டும் ரெண்டு பக்கம் நிக்குது."

இல்லண்ணே என்று
கார்பனைத் திருப்பிப் போடுகிறேன்.
காலைத் திருப்பவில்லை.