தேறாதவை

ஞாயிறு, காலை ஏழு. ரெலாவ் பூங்கா.
புல் இன்னும் காயவில்லை.
நைட் ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து
நேராக வருகிறேன்.
காதுக்குள் மெஷின் இன்னும் மூச்சு விடுகிறது.

முதல் கூடைக்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

சற்குணனுக்கு ஒரே கம்பெனிதான்.
பையில் இருபத்திரண்டு டிஸ்க், எல்லாவற்றிலும் ஒரே முத்திரை.
வேறு கம்பெனியுடையதை நீட்டினால்
சைவக்காரன் கறிக்குழம்புக் கரண்டியைத் தொடுவதுபோல
இரண்டு விரலால் வாங்குவான்.

மேய் குவான் முத்திரை பார்ப்பதில்லை, விளிம்பைப் பார்ப்பாள்.
"அகலமா இருந்தா என் விரல் எட்டாது லா.
ஆம்பளைக் கையை அளந்துதான் எல்லாருமே அச்சு வெட்டுறாங்க."

அஸ்ருல் வெயிலில் தூக்கிப் பிடிப்பான்.
அந்தப் பக்கம் மரம் தெரிய வேண்டும்,
உள்ளே மினுக்குத்தூள் மிதக்க வேண்டும்.
நூறு ரிங்கிட்டுக்குக் குறைந்தால் திரும்பிப் பார்க்க மாட்டான்.
நாலு தூறல் விழட்டும்,
அதே கண்ணாடி விலாங்காய் நழுவி
யாருடைய மைவிக்கு அடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் வாயைத் திறப்பதில்லை.

எட்டு மணி நேரம் நான் நிற்கிற இடத்தில்
பிளாஸ்டிக்குக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
மூட்டையில் அரிசிபோல் வரும்,
இருநூற்று முப்பது டிகிரியில் பாகாகும்,
எஃகின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே
பதினெட்டு நொடி குளிரும்.
ஒரு நொடி முந்தித் திறந்தால் வயிறு உப்பிவிடும்.
நாங்கள் செய்வது பிரிண்டர் மூடி. அவ்வளவுதான்.

ஆனாலும் சற்குணன் நெஞ்சில் கை வைத்து
"அந்தக் காலத்து ரன் மாதிரி வராது,
இப்ப அச்சையே மாத்திட்டானுங்க" என்னும்போதெல்லாம்
எனக்கு ஓர் ஆள் தெரிகிறான்:
எங்கோ ஓர் ஊரில், விடியற்காலை நாலு மணிக்கு,
டைமரில் ஒரு நொடியைக் குறைத்துவிட்டு
அவசரமாகக் கழிவறைக்குப் போகிறவன்.

என் பையில் ஐந்து. ஐந்தும் தேறாதவை.
முத்திரை இரண்டு தடவை விழுந்து நிழலாடுவது ஒன்று.
தே தாரிக்கில் ரோஸ் சிரப் ஊற்றிய நிறத்தில் ஒன்று.
அரை விலை.
வேலையில் மிளகளவு கரும்புள்ளி இருந்தாலும்
சிவப்புப் பெட்டியில் எறிகிறவள் நான்.
நேற்றிரவு நூற்றுப் பதினாறு எறிந்தேன்.
அது போதாதென்று இங்கே வந்தும் எறிகிறேன்.

ஏழாவது கூடை, லோங்காங் ஓரம். எதிர்க்காற்று.
மூவரும் பையைத் துழாவுகிறார்கள்,
கல்யாணப் புடவை எடுப்பதுபோல் ஒவ்வொன்றாய் உருவி,
தடவி, வேண்டாமென்று செருகி.
நான் பட்டரை எடுத்தேன்.
ரொட்டிக்குப் பூசுவதில்லை, கிட்டத்திலிருந்து போடுவது.
இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக்,
விளிம்பெல்லாம் நாய் கடித்த மாதிரி.
வாங்கிய புதிதில் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும்.
இரண்டு வருஷம் மரத்தில் அடிபட்டு
இப்போதுதான் நேராகப் போகக் கற்றிருக்கிறது.

போனது. சங்கிலியில் சில்லறை கொட்டிய சத்தம்.
அப்புறம் கூடை அதைத் துப்பிவிட்டது.
விளிம்பால் நின்று, சைக்கிள் சக்கரம்போல் உருண்டு உருண்டு
லோங்காங்கில்.

சற்குணன்தான் முழங்கால்வரை இறங்கினான்.
ஏறும்போது கையில் இரண்டு இருந்தன.
மற்றது யாருடையது?
முத்திரை தேய்ந்து போயிருந்தது.
மையில் எழுதிய பெயரும் இல்லை,
போன் எண்ணில் கடைசி மூன்று மட்டும்: 4, 0, 9.
சட்டையில் துடைத்தான். வளைத்துப் பார்த்தான்.
சும்மா ஒரு தடவை என்று எறிந்தான்.

காற்றே இல்லாதது மாதிரி போனது.

எடுத்து வந்து, இன்னொரு தடவை.
பிறகு "சொந்தக்காரன் கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லி
இருபத்திரண்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டான்.
அஸ்ருல் சிரித்தான். மேய் குவான் விளிம்பை அளந்தாள்.

பதினோராவது கூடையில் பொறுக்க முடியாமல்
என்னிடம் மெதுவாய் நீட்டினான்:
"நீ பார்த்துச் சொல்லேன், எந்தக் கம்பெனி?"

கவிழ்த்தேன். நடுவில் பாகு நுழைந்த தழும்பு.
லேசாய் உப்பிய வயிறு. ஒரு நொடி முந்தித்தான் திறந்திருக்கிறார்கள்.
"நைட் ஷிப்ட்" என்றேன்.

"புதுக் கம்பெனியா?
எங்க கிடைக்கும்?"