பிரித்து வைத்தவர்கள்

இத்ரியாவின் மலைக்கடியில்
பாதரசமும் கந்தகமும்
ஒரே கல்லாய்ச் சிவந்து கிடந்தன.
சாதிலிங்கம் என்று பெயர்.
யாருக்கும் தொந்தரவில்லை.

சூளை வைத்துப் பிரித்தோம்.
கந்தகம் புகையாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கி
பிளம் மரங்களைக் கருக்கியது.
பாதரசம் குடுவைக்குப் போனது;
போகாத மிச்சம்
சூளைக்காரன் யெர்னெய்யின் மூச்சுக்குள்.

உள்ளே போனது சும்மா இருக்குமா?
பிரிந்ததைத் தேடியது.
உடம்பில் கந்தகத்துக்கு என்ன பஞ்சம்!
புரதத்தின் மடிப்புகளில்
ஒற்றை ஹைட்ரஜனைத் தோளில் சுமந்தபடி
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அது.
பாதரசம் ஹைட்ரஜனை இறக்கிவிட்டுச்
சம்மணமிட்டு உட்கார்ந்தது.
வேலை நின்றது.

வெளியே தெரிந்தது இவ்வளவுதான்:
கோப்பை தட்டில் கடகடத்தது.
சம்பளப் பதிவேட்டில் அவன் கையெழுத்து
கோட்டைத் தாண்டி
அடுத்தவன் பெயர்மேல் ஏறியது.
நேஷாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவான்,
பிறகு கோழிக்கூண்டருகே நின்று அழுவான்.

ஊசி போடுவது என் வேலை.
கடலை எண்ணெயில் கரைத்த மருந்து,
நாற்றம் கைக்குட்டையைத் தாண்டி வரும்.
அதற்கு இரண்டு கந்தகக் கைகள்.
'அவளை விடு, என்னிடம் வா'
என்று கூப்பிடும்.
கொஞ்சம் வரும்.
சிறுநீரில் அளந்து எழுதுவோம்.
மூளையில் குடியேறியது
காது கொடுப்பதில்லை.

பத்தாவது ஊசியன்று
குப்புறப் படுத்தபடி கேட்டான்:
"என்னை விட்டுப் போனால் எங்கே போகும்?"
ஆற்றுக்கு, என்றேன்.
ஞாயிறுதோறும் அங்கே தூண்டில் போடுகிறவன்.
வெகுநேரம் பேசவில்லை.
"மீனுக்கும் கந்தகம் உண்டா?"

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினேன்.
உண்டு.