யாருமில்லாத அம்மாள்

போரா காற்று இறங்கும் நாட்களில் முன்பெல்லாம்
ட்ரியெஸ்தேயின் செங்குத்துத் தெருக்களில்
கயிறு கட்டிவிடுவார்களாம்.
நான் பார்த்தது வளையங்களை மட்டும்தான்,
சுவரில் இடுப்பு உயரத்தில், துருவேறி.

இரவு பதினொன்றரை. ஆய்வகத்தில் நானும்
எண்ணூறு பொய் நரம்பணுக்களும்.
ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடு.
நிரம்பினால் துடிக்கும், துடித்தால் வடியும்,
பிறகு கொஞ்சநேரம்
கூப்பிட்டாலும் திரும்பாது.

அறுபத்துநான்கு முகங்களைப் பழக்கியிருந்தோம்.
எல்லாம் எங்கள் கட்டடத்து ஆட்கள்,
இரவுக் காவலாளி ஸ்ரெச்கோ முதல்
காபி இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்து
படத்தில் மாட்டிக்கொண்ட பையன் வரை.

சோதனை எளிது.
பாதி முகத்தை அழித்துவிட்டு மீதியைக் காட்டுவேன்.
ஒரு மூக்கு ஒரு நெற்றியை உசுப்பும்,
நெற்றி தனக்குத் தெரிந்த புருவத்தை.
பள்ளம் கண்ட நீராய் எல்லாம் ஓடி
ஒரு முழு முகத்தில் தேங்கும்.
அதைத்தான் நினைவுக்கு வருதல் என்கிறோம்,
வேறு நல்ல சொல் கிடைக்கும் வரை.

இருபது முகம் வரை பிசகில்லை.
அதற்குமேல் பள்ளங்கள் கரை உடைத்துக் கலந்தன
(எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே களைப்பு, ஒரே சாயல்).
ஸ்ரெச்கோவின் தாடையைக் கொடுத்தால்
பியெரினாவின் கண்களோடு வந்து நின்றாள் ஒருத்தி.
நாங்கள் பழக்காதவள்.
யாரைக் கேட்டாலும் அவளே வந்தாள்.
சிஞோரா நெசூனா என்று பெயரிட்டான் தவோரின்:
யாருமில்லாத அம்மாள்.
அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம்.
மார்ச் ஒன்பது, அந்தப் பிழை முதலில் தெரிந்த நாள்,
அவளுக்காகக் கேக்கும் வெட்டினோம்.

மூளையில் துடிக்காத அணுக்களும் உண்டு,
நட்சத்திரம் போல் கைவிரித்தவை.
நான் படித்த புத்தகம் அவற்றைப் பசை என்று
ஒரே வரியில் தள்ளிவிட்டது.
சோறுபோட, பாத்திரம் துலக்க ஒரு கூட்டம்.
ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரமாயிரம் சந்திப்புகளை
விரல் நுனியால் தொட்டபடி இருக்கிறது.
உள்ளே கால்சியம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும்,
அவசரமே தெரியாத ஓர் அலை.

இன்று அவற்றையும் எழுதிச் சேர்த்தேன். இருநூற்றுப் பத்து வரி.
முதல் ஓட்டம் நொறுங்கியது, ஒரு கழித்தல் குறியால்.
இரண்டாவதை ஓடவிட்டு ரொட்டி வாங்கப் போனேன்.
எதிர்க்காற்று மூச்சை வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது.
வழியில் ஒருவர் வணக்கம் சொன்னார்.
பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிவிட்டது.
என் கை சுவரைத் தடவி
ஒரு வளையத்தில் நின்றது.
கயிறு இல்லை. இருந்தும் பிடித்துக்கொண்டேன்.

வந்து பார்த்தால்,
அறுபத்துநான்கில் அறுபத்தொன்று.
தாடையைக் கொடுத்தால் ஸ்ரெச்கோ வருகிறான்,
காதோர மச்சம் உட்பட.
கத்த வேண்டும் போலிருந்தது, கேட்க ஆளில்லை.
பிறகு அவளைத் தேடினேன்.
அந்தத் தாடை, அந்தக் கண்,
நூறு முறை, நூறு விதமாக.
பள்ளம் தூர்ந்துவிட்டது.
கட்டுரையில் இது ஒரு வரி:
போலி நிலைகள் மறைந்தன.

விளக்கை அணைக்கும்முன்
குளிர்பதனப் பெட்டி முன் நின்று
அவள் படத்தின் பாதியை
உள்ளங்கையால் மூடினேன்.

மீதி வந்தது.