ஞாயிறு வரைக்கும்

ஆறாவது மெட்சும் போனபிறகு
ஏகாம்பரம் மைதானத்துக் கச்சான்காரன்கூட
என்னிடம் காசு வாங்க யோசித்தான்.
"கோச், அந்தப் பதினொன்றை
இடப்பக்கம் விட்டிருக்கலாம்."
சுருளை நீட்டியபடியே சொன்னான்.
விட்டிருக்கலாம்.
முதல்நாள் இரவு மூன்று மணிக்கு
மின்விசிறியின் கீழ் மல்லாந்து கிடந்து
நானும் அவனை இடப்பக்கம்தான் விட்டுப் பார்த்தேன்.
அங்கே நாங்கள் இரண்டுக்கு ஒன்றில் வென்றோம்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
ஐஸ் ஆலையின் மாடி அறை.
ஆலை பொருளாளர் பொனிபாசுடையது.
ஜேர்சியும் அவருடையது, பஸ் காசும் அவருடையது,
ஆகவே இரண்டாம் பாதியில் யாரை இறக்குவது என்பதும்
கொஞ்சம் அவருடையது.
கீழே கட்டி அரைக்கும் இயந்திரம்
ஒவ்வொரு வசனத்தின் வாலையும் தின்றது.
"உங்களில் எங்களுக்கு முழு நம்பிக்கை..."
கரகரகர.

இருபத்திரண்டு வருடம்
துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞன் நான்.
முழு நம்பிக்கை என்று ஒரு கடிதம் தொடங்கினால்
மூன்றாம் பந்தியில் என்ன கிடக்கும் என்று
உறை பிரிக்காமலே சொல்லுவேன்.

ஏன் கோல் விழவில்லை?
நிரோசன் கட்டாருக்குப் போய்விட்டான்.
ஏன் பின்வரிசை எழும்பி ஓடுதில்லை?
அதில் இரண்டு பேர் திருக்கடலூர்ப் பொடியன்கள்.
சூரை படுகிற மாதம்.
விடிய விடிய வலை இழுத்துவிட்டு
உள்ளங்கைத் தோல் உரிய வந்து நிற்பவனிடம்
எழுபதாவது நிமிடத்தில்
காலையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
இதைச் சொல்லவில்லை.
"பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் சொன்னேன்.
செயலாளர் குறிப்பில் எழுதினார்.
தேவசகாயம் என்பதில் ஓர் எழுத்து விழுந்து
தேவசாயம்.

ஞாயிறு வரைக்கும் பார்ப்போம், என்று கூட்டம் கலைந்தது.
ஞாயிறு கிண்ணியாவோடு.
கிண்ணியாவோடு யாரும் 'பார்ப்பதில்லை'.
பாலத்தால் இந்தப் பக்கம் இறங்கும்போதே
அவர்கள் ஒரு கோல் முன்னே.

வெளியே தூறல்.
ஓட்டோவுக்குள் கால்நீட்டி இருந்தான் ஜவ்பர்.
மூன்று வருடத்துக்கு முதல்
இதே மாடியிலிருந்து இறங்கிப் போனவன்.
அன்று எனக்குப் பால்டொபி தந்தார்கள்; இரண்டு எடுத்தேன்.
ஸ்டோர் சாவியை அவன் என்னிடம் தரவேண்டும்.
அவன் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில்.
இறுகின வளையம். நகம் மடிந்தது அவனுக்கு.
நான் வாயில் இனிப்போடு
கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏறு" என்றான்.

மைதானத்தைச் சுற்றிப் போகும்போது
ஓட்டோவை மெதுவாக்கினான்.
தெருவிளக்கு வெளிச்சம் பாதிப் பெட்டிவரை.
கோட்டைப் பக்கத்து மான்கள்
பெனால்டிப் புள்ளியைச் சுற்றி ஈரப்புல் மேய்ந்தன.
ஐந்து பெண், ஒரு கிடாய்.
கிடாய் கம்பத்தோடு முதுகு தேய்த்தது.
"கடைசிக் கன்று ஓஃப்சைட்" என்றான் ஜவ்பர்.
சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.
கண் கரித்தது.
அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு
வீதியைப் பார்த்தான்.

"அந்தப் பதினொண்டு
இன்னும் உள்ளுக்குத்தான் வெட்டுறானா?"
"ஓம்."
"நான் ரெண்டு வருசம் சொன்னன்."
"நான் மூண்டு."

உப்புவெளி ஒழுங்கையில் இறங்கிக் காசு நீட்டினேன்.
என் கையை மடக்கிவிட்டான்.
"எனக்கு ஏழு வரைக்கும் தந்தானுகள்.
உனக்கு இன்னும் ஒண்டு கிடக்கு."

சட்டைப்பையில் பம்ப் ஊசி குத்தியது.
மூன்று பந்துக்குக் காற்று நிற்பதில்லை,
விடிய ஐந்தரைக்கு முதல் அடிக்கவேண்டும்.
கரண்ட் இல்லை.
வாசலில் நின்று வளையத்தைத் தடவி
முதலில் கையில் பட்டதை நுழைத்தேன்.
திரும்பவில்லை.
அது ஸ்டோர் சாவி.