புறங்காட்டியவர்

கரும்பு ரயில் சரைனாவைக் கடக்கிற நேரம்.
"சட்டையைக் கழற்றுங்கள்" என்றாள் டாக்டர் நெரிடா.
மெர்வின் ஹாட்ச்கிஸ் முதலில் தொப்பியைக் கழற்றினார்.
அதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

காது மடலில் தொடங்கினாள்.
பிடரி, வழுக்கை, விரலிடுக்கு,
உள்ளங்காலைக்கூட விடவில்லை.
"அங்கே எங்கே வெயில் பட்டது?"
"சிலதுக்கு வெயில் வேண்டாம், மெர்வ்."

விளக்கு வைத்த சின்ன வில்லையை
தோலில் அழுத்தி
எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
இது வயசு.
இது பழைய கொப்புளம்.
இது கூடப் பிறந்தது, இருக்கட்டும்.

இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும்
படிப்பது நின்றது.

"இது எப்போதிருந்து?"
"எது?"
"உங்கள் முதுகை யார் பார்ப்பார்கள்?"

யோசித்தார்.
ஜாய்லின் டவுன்ஸ்வில் போய்ப் பதினோரு வருஷம்.
முடிவெட்டுகிறவன் கழுத்தோடு சரி.
நாய் முகத்தை மட்டும் பார்க்கும்.

அந்தக் காலத்துக் களத்தில்
முதுகில் புண் என்றால் அவமானம்.
இவரோ தகரக் கூரைகளின்மேல் குனிந்து
நாற்பது வருஷம்
சூரியனுக்குப் புறங்காட்டியே
சோறு தின்றவர்.

வெட்டி அனுப்பினார்கள்.
ஒன்பது நாள் தூக்கமில்லை.
ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லையாம்,
ஓரமெல்லாம் சுத்தமாம்.
மச்சக்காரர்தான்.

"மூன்று மாதம் கழித்து வாருங்கள்.
நடுவில் யாராவது பார்க்கட்டும்."

யாராவது.

வேலிக்கு அந்தப் பக்கம் கார்மெலோ ஸெராஃபா.
மாமரக் கிளை ஒன்றுக்காக
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
மெர்வின் போய் நின்றார்.
இருமினார்.
"என் முதுகைப் பார்க்கணும்."

கார்மெலோ பதில் சொல்லவில்லை.
உள்ளே போனார்.
கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தார்.
மூக்குக்கண்ணாடியோடு வந்தார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு
வேலியோரம் சட்டையில்லாமல் இரண்டு கிழவர்கள்,
ஒரு பிளாஸ்டிக் அடிக்கோல்,
போன மாதத்துப் போட்டோ.

"கீழே நாலு இருக்கு. மூணுதானே இருந்தது?"
"நல்லாப் பாரு."
"...ஒண்ணு மாம்பழச் சாறு."
"யார் மரத்து மாம்பழம்?"
அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆகஸ்ட் ஞாயிறு, கார்மெலோ திரும்பி நின்றார்.
மெர்வின் குனிந்தார்.
அடிக்கோலை வைத்தார், எடுத்தார்,
மறுபடி வைத்தார்.

"என்னடா, பேச்சையே காணோம்?"

"சட்டையைப் போடு.
வண்டிச் சாவியை எடுத்துட்டு வர்றேன்."