மலை இல்லாத ஊரில்

வடசென்னையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது?
கொடுங்கையூர்க் குப்பைமேடு.
அதற்கு யாரும் கயிறு கட்டிக்கொண்டு போவதில்லை.
அதனால் நாங்கள் தட்டையாக நடந்தோம்.
அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கி
சாம்பல் குழாய்களைத் தாண்டி
கழிமுகத்துச் சேற்றின் குறுக்கே
கடல் தெரியும்வரை என்று திட்டம்.

சில்வெஸ்டர், ருக்சானா, நான்.
ஒரே கன்டெய்னர் யார்டில் மூன்று ஷிப்ட்.
கைபேசி சொன்னது:
இரண்டரை கிலோமீட்டர், முப்பத்தொரு நிமிடம்.
கைபேசிக்குக் கால் இல்லை.

முதல் அரைமணி சிரித்துக்கொண்டே போனோம்.
உள்ளான்கள் எங்களுக்கு முன்னால்
ஈரத்தில் தையல் போட்டுக்கொண்டே ஓடின.
ருக்சானா எண்ணினாள். நூற்றுப் பதினேழில்
அவள் விட்டாளா, அவை விட்டனவா தெரியவில்லை.
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்
எவ்வளவு நடந்தும் அதே தூரத்தில் நின்றன,
வீட்டுக் கடன் மாதிரி.

பிறகு தரை பேச்சை மாற்றியது.

மேலே கருப்பு. அதன் கீழே சாம்பல்,
பால்கோவா பதத்தில்.
இடது கால் முழங்கால்வரை போனது.
அதை எடுக்க வலது காலை ஊன்றினேன்.
அதுவும் போனது.
எதையும் பாதியில் விடாதவள் என்று
வேலை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்.
இழுத்தேன். இழுக்க இழுக்க
சேறு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.
தொடைக்கு வந்தபோது
சில்வெஸ்டர் கை கொடுத்தான்,
அவனும் இறங்கினான்.
"அசையாதே" என்றான் அவன்.
"அசை, அசை" என்றாள் ருக்சானா.
எங்களிடம் அறிவுரைக்கு எப்போதும் பஞ்சமில்லை.

ஓடைப் பக்கம் வெள்ளம் ஏறத் தொடங்கியிருந்தது,
சத்தமே இல்லாமல், ஒரு நுரை விளிம்போடு.

அப்போதுதான் அவளைப் பார்த்தோம்.
என் வயதுதான் இருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை.
மார்பளவுத் தண்ணீரில் அடிச்சேற்றைத் துழாவி
வெறுங்கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தாள்.
பிடித்ததைப் போட ஓலைப் பறி.
அதைப் பல்லில் கடித்திருந்தாள்.
ஆகவே பேச முடியாது.

இரண்டு உள்ளங்கைகளாலும்
கரைச் சேற்றை அறைந்தாள்.
ஒருமுறை. இன்னொருமுறை.
மூன்று பட்டதாரிகளும் விழிப்பதைப் பார்த்து
மேலேறி வந்து
அப்படியே குப்புறப் படுத்துக் காட்டினாள்.

படுப்பதா? இதிலா?
புது டிராக் பேண்ட்.

படுத்தேன்.
கன்னத்தில் சேறு. உப்பும் டீசலும்
அழுகிய முட்டையுமாக ஒரு வாசனை.
உடம்பு அகலமானது.
இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தது
கேட்காமலேயே விட்டது,
முதலில் வலது காலை,
பிறகு இடது காலை, ஷூ இல்லாமல்.

நாற்பதடி தூரம் பல்லி மாதிரி ஊர்ந்தோம்.
பதினெட்டு வருடமாக
நிமிர்ந்து நில், நிமிர்ந்து நில் என்று
எனக்கு நானே கொடுத்துவந்த உத்தரவு
ஒரு நண்டு பார்த்துக்கொண்டிருக்க
ரத்தானது.

கெட்டித் தரைக்கு வந்ததும்
பறியை வாயிலிருந்து எடுத்து
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
"அந்த ஷூ எத்தினி ரூபா?"
மூவாயிரத்து இருநூறு என்றேன்.
சிரித்த சிரிப்பில் இரண்டு இறால் துள்ளி விழுந்தன.
பொறுக்கிப் போட்டாள், பறியைக் கடித்தாள், இறங்கிவிட்டாள்.
வெள்ளம் நிறையுமுன்
முடிக்க வேண்டிய வேலை அவளுக்கு இருந்தது.

கடலை நாங்கள் பார்க்கவில்லை.
சத்தம் மட்டும் கேட்டது, கண்டல் புதர்களுக்கு அப்பால்.
திரும்பிவிட்டோம்.
பாதியில் விட்டவள் என்று
விண்ணப்பத்தில் திருத்திக்கொள்ளலாம்.

இன்று திங்கட்கிழமை.
பட்டியலில் பதினோரு கன்டெய்னர் இடிக்கிறது.
மேலாளரின் குரல் ஏறிக்கொண்டே வருகிறது.
பழக்கத்தில் பதிலுக்கு வாயெடுக்கிறேன்,
மேசைக்கடியில் கால் உள்ளே போகிறது.

கண்ணாடிமேல் என் உள்ளங்கைகள்
தாமாகவே விரிகின்றன.

கணக்கு இன்னும் பொருந்தவில்லை.
நகக்கண்ணில் சாம்பல்.