பத்து மணிக் கங்கோங்

பாகற்காய் ஆறு என்று மலாயில் பெயர் வைத்த ஊர்.
சுங்கை பெரியா.
ஆற்றைத் தேடாதீர்கள்,
செம்பனை ஆலைக்குப் பின்னால் கறுப்பாகப் போகிறதே, அதுதான்.

புதன்கிழமை பாசார் மாலம்
ஊருக்கு ஆறு மணிக்குத் தொடங்கும்.
எனக்குப் பத்துக்கு.

பத்துக்குத்தான் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமி நிற்கும்.
அப்பாம் பாலேக்காரர் கல்லைச் சுரண்டுவார்.
ஒரு கட்டு இரண்டு வெள்ளி கங்கோங்
ஒரு வெள்ளி ஆகும்.
அப்புறம் மூன்று கட்டு இரண்டு வெள்ளி ஆகும்.
அந்த அப்புறத்துக்காகத்தான் நிற்கிறேன்,
கைப்பேசி உறை பார்க்கிறவள்போல.

"கீரையில மிச்சம் பிடிச்சா வீடு கட்டப் போற?"
கேட்பார் அர்ச்சுனன்.
கீரையில் மட்டுமா?
சோறு கொதிக்கிற பானையிலேயே முட்டை வேகிறது.
பற்பசைக் குழாயைக் கத்தரித்தால் இன்னும் நான்கு காலை.
காலி எண்ணெய்ப் பாக்கெட்டைக் கிளிப் போட்டு
ராத்திரி முழுக்கத் தலைகீழாய்த் தொங்கவிட்டால்
விடியும்போது ஒரு நெத்திலி வறுவலுக்கு ஆகும்.
நாளெல்லாம் குலை வெட்டிவிட்டு வந்து
அந்தப் பாக்கெட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன புதன்
விளக்குத் தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி.
மழையே இல்லை, தலையில் துண்டு.
உறைகளைத் தடவிப் பார்க்கிறாள். வாங்கவில்லை.
எனக்குத் தெரியாதா அந்தத் தடவல்!
துண்டு கொஞ்சம் நழுவியது:
டீச்சர் புனிதமலர்.
என் யோகஷினிக்குக் கணக்கு எடுப்பவர்.

போக முடியாது, விலை இப்போதுதான் இறங்குகிறது.
இருவரும் கங்கோங்கையே பார்த்தோம்
பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல.

"தீகா ஈகாட்! அபிஸ்!" என்றாள் கக் ரொஹானா.
மூன்றே கட்டு. பிரித்துத் தரமாட்டாளாம்,
வேனில் ஏற்றணுமாம்.
டீச்சரிடம் ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று,
ஐம்பது சென் காசு ஒன்று.
மீதியை நான் கொடுத்தேன்.

மூன்றாவது கட்டை
கார் முன்மூடிமேல் வைத்து அவிழ்த்தார்,
தண்டு தண்டாய் எண்ணினார்.
"பதினேழு. ஒன்பது நீங்க எடுங்க."
பிறகு, கேட்காமலே,
"தாமான்ல வீடு வாங்கிட்டோம்" என்றார்
திருடியதை ஒப்புக்கொள்கிற குரலில்.
"ஐம்பது சென் தரணும் உங்களுக்கு."
"பரவாயில்ல டீச்சர்."
"பரவாயில்லன்னா கணக்கு எப்படி நிக்கும்?"

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.
அரிசி, கரண்டு, பஸ், கூட்டுக் காசு,
சீனன் கடைப் பாக்கி, தங்கச்சிக்குத் தரவேண்டியது.
எத்தனை கோடு, எத்தனை கட்டம்!
எங்களுக்கு வரவேண்டியது என்று
ஒரு கட்டம்கூட இல்லை.
பதினோரு வருசமாய் யாரும் எங்களுக்குத் தரவேண்டி இருந்ததில்லை.
அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.
0.50 என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
விளக்கை அணைக்க மறந்து.

வெள்ளிக்கிழமை
யோகஷினியின் கணக்குப் புத்தகத்தில்
டேப் போட்டு ஒட்டிய ஐம்பது சென்.
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி.
"எதும்மா இது?"
"வகுத்தல்" என்றேன்.

காசு மைலோ டின்னுக்குள் போனது.
டேப்பை நகத்தால் மெல்ல உரித்து
கிழிந்துகொண்டிருந்த காலண்டரில் போட்டேன்.
இன்னும் ஒட்டுகிறது.